சின்னவளின் அறுபத்து மூன்று வேளை

அன்று வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, வீட்டுக்காரர். எடை அளவு அலுவலகத்தில் முத்திரை ஆய்வாளர். கடைக்காரர்களின் தராசும் எடைக்கற்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. கடைத்தெருவில் அவருக்கு முகத்துக்கு நேரே ‘தராசு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு. அவருக்கு இடது கைப்பக்கம், நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவளைப் போல, அவர் மனைவி. வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவளுக்கு எதிரே அவள் தம்பி, பஸ் டிரைவர், அன்று ஷிப்ட் மாறியதால் பதினொரு மணி வண்டிக்குக் கிளம்பத் தயாராக, வேலை உடுப்பில். மகள், ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர், நாற்காலி ஒன்று காலியாக இருந்தும் தரையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் கூடைக்குள், சின்னவள்.

சின்னவள் என்பது பூனை. ஐந்து வயது, சாம்பல் நிறம், முன்கால் ஒன்றில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. ஊர் எல்லையில் இருக்கும் பிராணிகள் காப்பகத்திலிருந்து வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. காப்பகத்தில் அவளுக்கு ஒரு நம்பர்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்றே மனைவி, “பெரியவ வேலைக்குப் போயிட்டா, இனிமே எனக்கு இவதான் சின்னவ” என்று சொல்லிவிட்டாள். பெரியவளான மகளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

மேசை மேல் ஒரு தட்டுத் தராசு, வரிசையாக எடைக்கற்கள், ஒரு வெள்ளைத்தாள், விலாசம் எழுதிய கவர். அந்தத் தாளில் தராசு சார் தேதியை மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்பதற்காகத்தான் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

காப்பகத்தின் நிபந்தனை இது. பூனையைக் கொண்டுபோகிறவர்கள் முதல் மாதம் வாராவாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும். பூனையின் எடை, என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது. கைப்பட எழுதி, வீட்டில் உணவு வைப்பவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எடை மூன்று கிலோவுக்குக் கீழே போனால் பூனையைக் காப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொய்யான விவரம் எழுதியது தெரிந்தால் அந்த வீட்டுக்குப் பூனை மறுபடி கிடையாது. அந்தப் பூனையும் கிடையாது, வேறு பூனையும் கிடையாது. படிவத்தின் பின்பக்கம் பதினோராவது விதி. கொண்டுவந்த அன்று அந்த விதியைப் படித்துவிட்டுத் தராசுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒழுங்கான ஆட்கள் என்று சொன்னார்.

அவருக்கு ஒழுங்கான ஆட்களைப் பிடிக்கும். அவர் கடிதம் எழுதினால் பொருள், பார்வை, வரிசை எண் எல்லாம் இருக்கும். மனைவியின் அண்ணனுக்குக் கல்யாண வாழ்த்து எழுதியதில்கூட, ‘மேற்கண்ட தம்பதியர்’ என்று போட்டிருந்தார்.

சின்னவளுக்கு ஒரு தடவை சிறுநீர்க்கட்டு வந்திருக்கிறது, அதனால் உலர்ந்த தீனி ஆகாது, தண்ணீர்ச் சத்து உள்ள ஈர உணவுதான் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லாச் சத்தும் சரியான அளவில் இருக்கிற உணவாகப் பார்த்துக் கொடுங்கள் என்று காப்பகத்து அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். ‘பார்த்து’ என்ற அந்த ஒரு சொல் தராசுக்குப் போதுமாக இருந்தது. அன்று மத்தியானமே நோட்டும் பேனாவுமாகப் பிராணித் தீனிக் கடைகளுக்குப் புறப்பட்டார்.

முதல் கடையில் அவரைக் கண்டதும் கடைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. சோதனைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அரிசித் தவிடு நிறுக்கிற தராசைத் துடைத்து வைத்து, டீக்குச் சொல்லி, முத்திரைச் சான்றிதழைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துவிட்டார். பூனைக்குச் சாப்பாடு வாங்க வந்தேன் என்று சொன்னபோது நம்பவில்லை. அதற்கேற்றாற்போல் தராசும் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்து நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார். மூன்று கடை, பதினேழு டப்பா. புரதம், கொழுப்பு, ஈரம், நார், சாம்பல்.

“சாம்பலையுமா போட்டு விக்கிறான்?” என்று மச்சினன் நோட்டைப் பார்த்துக் கேட்டான். அது உணவை எரித்தால் மிஞ்சுகிற தாது உப்பின் அளவு என்று அவர் விளக்கினார். மச்சினன், “அத்தான், எங்க டிப்போ கேன்டீன்லயும் அதுதான் நிறைய இருக்கு” என்றான்.

டப்பாக்களில் இரண்டு ஜாதி இருப்பதையும் அவரேதான் கண்டுபிடித்தார். சிலவற்றில் ‘முழுமையான உணவு’ என்று இருந்தது. சிலவற்றில் ‘துணை உணவு’ என்று, தேடினால்தான் கிடைக்கிற மாதிரி ஓர் ஓரத்தில். சாறு மிதக்கும் கோழித் துண்டும் மீன் துண்டுமாகப் பார்க்க அழகாக இருப்பவை பெரும்பாலும் துணை. அதை மட்டுமே கொடுத்தால் பூனைக்கு வேண்டிய சத்தெல்லாம் சேராது. டாரின் என்று ஒன்று. அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் போகும், இதயமும் போகும். இதையெல்லாம் அவர் வீட்டில் சொன்னபோது உண்மையிலேயே நன்றாகச் சொன்னார். ஈரத்தைக் கழித்துவிட்டு மீதிக்குப் புரதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பதினேழையும் வரிசைப்படுத்தி, முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தார். கல்லீரல் கலந்த கோழி விழுது. முழுமையான உணவு. அவர் நோட்டில் அதற்கு எதிரே குறை என்று ஒன்றும் இல்லை.

பிறகு ஓர் அட்டவணை போட்டார். இருபத்தொரு நாள், நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் அறுபத்து மூன்று கட்டம். காலை வேளை மச்சினன், மதியம் மனைவி, சாயங்காலம் மகள். சாப்பிட்டால் சரிக்குறி, சாப்பிடாவிட்டால் பெருக்கல் குறி. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை எடை பார்ப்பது மட்டும் தன் பொறுப்பு என்று வைத்துக்கொண்டார். அவருடைய வேலையே அப்படித்தான். விற்கிறவன் விற்பான், வாங்குகிறவன் வாங்குவான்; இவர் அளவைப் பார்ப்பார்.

முதல் நாள் மூன்று வேளையும் சரிக்குறி. இரண்டாம் நாள் மதியம் மனைவி விழுதைக் கிண்ணத்தில் போட்டு வைத்தாள். சின்னவள் வந்தாள், முகர்ந்தாள், ஒன்றுமில்லாத தரையில் மண்ணைத் தள்ளி அசிங்கத்தை மூடுகிற மாதிரி கிண்ணத்தைச் சுற்றிப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டாள். மனைவி கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள்.

அன்று சாயங்காலம் விசாரணை நடந்தது. கிண்ணம் பீங்கானா, பிளாஸ்டிக்கா. டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எத்தனை நிமிஷம் கழித்து வைத்தாய். வாசல் கதவு திறந்திருந்ததா. மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா. அவர் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. பதிலை எல்லாம் எழுதி, ஒன்றரைப் பக்கம் வந்ததும் அதைச் சாப்பிடும்போது படித்துக் காட்டினார். படித்து முடித்து அந்த ஒற்றைப் பெருக்கல் குறியை, முத்திரை அழிந்த எடைக்கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். திட்டித் தொலைத்திருந்தால் பரவாயில்லை என்று மனைவி பின்னால் சொன்னாள். அந்தப் பார்வையைத்தான் வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாளில் பெருக்கல் குறியே விழவில்லை.

முதல் ஞாயிறு சின்னவள் மூன்று கிலோ ஐந்நூற்றைம்பது. வந்தபோது இருந்ததைவிட ஐம்பது கிராம் குறைவு. இடம் மாறினால் கொஞ்சம் இளைப்பது வழக்கம் என்று காப்பகமே சொல்லியிருந்தது. இரண்டாம் ஞாயிறு மூன்று கிலோ நானூறு. தராசு தாளைப் பார்த்தார். ஏழு நாள், இருபத்தொரு வேளை, அத்தனையும் சரி. எழுதி அனுப்பினார். மூன்றாம் ஞாயிறு மூன்று கிலோ நூற்றைம்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் அறுபத்திரண்டு சரிக்குறி. இன்னொரு பக்கம் நானூற்றைம்பது கிராம் குறைந்த பூனை. இரண்டில் ஒன்று பொய். தன் பெண்டாட்டி, தன் மகள், தன் மச்சினன் கைப்பட எழுதிய தாள் பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் ஊரான் தராசைச் சந்தேகப்பட்டே பழகிய மனிதர், அன்று தன் வீட்டுத் தராசைச் சந்தேகப்பட்டார். மூன்றாவது கடிதத்தில், ‘தராசின் துல்லியம் குறித்து ஐயம் எழுந்துள்ளபடியால் இவ்வாரத்து எடை குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதினார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கென்றே வைத்திருக்கும் பித்தளை எடைக்கற்களைப் பெட்டியோடு கொண்டுவந்து, மேசையை மட்டம் பார்த்து, தராசைப் பத்துத் தடவை சோதித்தார். முள் ஒரு மயிரிழை விலகவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, அட்டவணையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு பிராணி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா சின்னவளின் முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஈறைப் பார்த்தாள். காதின் உள்பக்கத்தைத் திருப்பி, அதில் லேசாக மஞ்சள் ஓடியிருப்பதைப் பார்த்தாள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டாள். தராசு, சாப்பிடுகிறது என்று சொல்லி அட்டவணையை மேசை மேல் விரித்தார். அவள் அதை மேலிருந்து கீழ் வரைக்கும் பொறுமையாகப் படித்தாள்.

“பேப்பர் நல்லா சாப்பிட்டிருக்கு சார். பூனை சாப்பிடல” என்றாள்.

மனைவி சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சொன்னதன் சாரம் இவ்வளவுதான். மனிதர்கள் மாதிரி பூனையால் பட்டினி கிடக்க முடியாது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும், அப்புறம் பசியே எடுக்காது, பசி எடுக்காததால் இன்னும் சாப்பிடாது. ஊசி போடுகிறேன், பசைமாதிரி ஒரு மருந்துணவு தருகிறேன், ஊசிக்குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் ஊட்டுங்கள். தராசு நோட்டைத் திறந்து, இந்த மருந்துணவு முழுமையா துணையா என்று கேட்டார். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“முதல்ல எதையாவது சாப்பிடணும் சார். எதை வேணா. சமச்சீரெல்லாம் அப்புறம்.”

வியாழக்கிழமை காலைக்குள் தானாகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும். தன்னிடம் அதற்கு வசதி இல்லை, கூடவே இருந்து பார்க்க ஆளும் இல்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் காப்பகத்தில்தான் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் தராசு அட்டவணையை மேசை மேல் விரித்து வைத்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான். காலையில் ஐந்தரைக்கு வைப்பான், சின்னவள் முகர்ந்துவிட்டுப் போய்விடும், ஆறு மணி வண்டியை எடுக்க வேண்டும். விழுதை வழித்து ஒரு காகிதத்தில் மடித்து டிப்போ குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, சரிக்குறியும் போட்டுவிடுவான். மனசு கேட்காமல் தன் சாப்பாட்டிலிருந்து அவித்த மீனில் ஒரு துண்டைக் கொடுப்பான். அதை நக்கும்.

“என்னோட காலை வேளை மட்டும்தான் போகுதுன்னு நெனச்சேன் அத்தான். அக்காவும் பாப்பாவும் வைக்கிறத சாப்பிடுதேன்னு இருந்துட்டேன்.”

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “நான் நீ வைக்கிறத சாப்பிடுதுன்னு இருந்தேன்” என்றாள். அவள் விழுதைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, கோழியை வேகவைத்து நாலு நார் பிய்த்துப் போட்டிருக்கிறாள். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் பங்குக்குச் சாயங்காலம் கடையில் விற்கிற பூனைத் தீனிக் குச்சி ஒன்று. விழுது போன இடம் கழிவறை.

ஒவ்வொருவரும் தன் கையில் மட்டும்தான் பூனை சாப்பிட மாட்டேன் என்கிறது என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார்கள். வெட்கத்தை மறைக்க ஒரு சரி. மற்ற இருவரின் சரியைப் பார்த்து மனசுக்கு ஒரு நிம்மதி. மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்று, இருபது நாளாக ஒருவரையொருவர் நம்பியிருக்கிறார்கள். சின்னவளோ நாளுக்கு ஒரு துண்டு மீன், நாலு நார் கோழி, ஒரு குச்சி என்று ஓட்டியிருக்கிறாள். இப்போது அதையும் விட்டுவிட்டாள்.

தராசு அட்டவணையைத் திரும்பச் சுருட்டினார். அறுபத்து மூன்று வேளையில் ஒரு வேளைகூடத் தான் கிண்ணத்தைக் கையால் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புதன்கிழமை அவர் லீவு போட்டார். மச்சினன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மனைவி வாயோரத்தைத் தூக்க, அவர் ஊசிக்குழாயை வைத்து அழுத்தினார். பாதி உள்ளே போனது, பாதி சின்னவளின் மார்பில் வழிந்தது. மதியம் உள்ளே போனதும் வாந்தியாக வெளியே வந்தது. பதினேழு டப்பாவில் கிடைத்ததையெல்லாம் மச்சினன் வாங்கி வந்து வரிசையாகத் திறந்து வைத்தான். முழுமை, துணை என்ற பேதமெல்லாம் இல்லை. வெதுவெதுப்பாக்கி வைத்தார்கள். மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றி வைத்தார்கள். விரலில் தடவி மூக்கருகே நீட்டினார்கள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண் தள்ளுகிற மாதிரிப் பிறாண்டக்கூட இல்லை. அதுவாவது செய்தால் தேவலாம் என்று அவருக்கு இருந்தது. முன்பெல்லாம் அந்தப் பிறாண்டலில் ஒரு கோபம் இருந்திருக்க வேண்டும். அதைத் தான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் காப்பகத்துக்குப் போன் போட்டார். எடுத்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பூனையைக் கொண்டுபோங்கள் என்பார்கள், வண்டி போய் நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள், இது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் கையெழுத்தோடு கடிதம் வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வண்டி வரும் என்றாள். பதினோராவது விதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்த கதை இதுதான்.

உண்மையை எழுதினால் சின்னவளுக்குக் குழாய் கிடைக்கும். பிழைத்தாலும் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். எழுதாவிட்டால் இங்கேயே இருப்பாள், எத்தனை நாள் என்பதுதான் தெரியாது. மச்சினன் இதை இப்படிப் பச்சையாகச் சொன்னதும் மனைவி அவன் பக்கமே திரும்பவில்லை.

“மூணு கிலோ ஐம்பதுன்னு எழுதுங்க” என்றாள் கணவரிடம். “ராத்திரி அரை குழாய் உள்ள போச்சு. இன்னும் ஒரு நாள் பாக்கலாம். ஒரே ஒரு நாள்.”

“அக்கா, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“நீ பேசாத. நீ குப்பைத்தொட்டிக்கு ஊட்டினவன்.”

“நீ செடிக்கு ஊட்டினவதானே.”

மகள் தரையிலிருந்தபடியே இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொன்னாள். சின்னவள் கூடைக்குள் ஒரு பக்கமாகப் படுத்திருந்தாள். வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது.

“போன கடிதத்துல நான் பொய் எழுதினேன்” என்றார் தராசு.

மனைவி, அது பொய் இல்லை, சந்தேகம் என்றாள்.

“சந்தேகமெல்லாம் இல்ல. அந்தத் தராசு தப்பா இருக்கக்கூடாதான்னு ஆசைப்பட்டேன். ஆசைய எழுதிட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க மூணு பேரோட சரிக்குறியும் அதுதான். எனக்குக் கோபப்பட இடமே இல்ல.”

எடை பார்த்துவிடலாம், எதுவானாலும் அதை எழுதுவோம் என்று எழுந்தார். மகள் கூடையோடு சின்னவளைத் தூக்கி வந்தாள். அதே அளவு வெறுங்கூடை ஒன்று எதிர்த் தட்டில் ஏற்கெனவே இருந்தது. அதில் அவர் கற்களை வைத்தார். இரண்டு கிலோ. ஐந்நூறு. இருநூறு. இருநூறு. ஐம்பது. முள் நடுவுக்கு வந்து நின்றது. இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது.

அவர் பேனாவை எடுக்கத் திரும்பி, மறுபடி தராசைப் பார்த்தபோது முள் சின்னவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கூடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருக்கிற பாவனையில் மனைவியின் சுண்டுவிரல் தட்டின் விளிம்பில் படிந்திருந்தது. இன்னொரு ஐம்பது கிராம் கல்லை வைத்தால் சரியாக நிற்கும். மூன்று கிலோ.

அந்த விரலை அவர் ஆயிரம் கடைகளில் பார்த்திருக்கிறார். மீன் கடையில், பழக் கடையில், நகைக் கடையில்கூட. தூரத்திலிருந்து வரும்போதே கண்டுபிடித்துவிடுவார். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, ‘இதுக்கு எவ்வளவு எடை?’ என்று கேட்பார், கடைத்தெருவே சிரிக்கும். ஊசியும் நூலும் ஏறி நுனி தடித்துப்போன அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை எழவில்லை. மச்சினனும் பார்த்துவிட்டான்; பார்க்காத மாதிரி மேற்கூரையைப் பார்த்தான். தராசு ஐம்பது கிராம் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

சின்னவள் தலையைத் தூக்கப் பார்த்தாள்; பாதி தூக்கி, முடியாமல், கன்னத்தைக் கூடை விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். மனைவி விரலை எடுத்துவிட்டாள். முள் பழைய இடத்துக்கு வந்தது.

“எழுதுங்க” என்றாள்.

அவர் எழுதினார். இந்தத் தடவை பொருள், பார்வை ஒன்றும் போடவில்லை. இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது என்று முதல் வரியிலேயே எழுதினார். முதல் வாரத்திலிருந்து அனுப்பிய சாப்பாட்டு விவரம் எதுவும் உண்மை இல்லை, மூன்றாம் வாரத்தில் தராசு சரியாகவே இருந்தது, எடை மூன்று கிலோ நூற்றைம்பது, அதை மறைத்தது நான் என்று எழுதினார். அட்டவணை போட்டவன் ஒரு வேளைகூட உணவு வைக்கவில்லை என்பதையும் எழுதினார். உண்மையில் சாப்பிட்டது என்ன என்பதற்கு இடம் விட்டு, தாளை மச்சினனுக்கும் மகளுக்கும் நகர்த்தினார். மச்சினன், அவித்த மீன், கட்டைவிரல் அளவு, முள் எடுத்தது என்று கோழிக் கிறுக்கலில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மகள் தீனிக் குச்சியின் பெயரையும், அதை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் தொடும் என்பதையும் எழுதினாள். பிறகு தாள் மனைவியிடம் போனது. அவள் கோழியை எழுதினாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அவள் சாப்பிடுவாள், நிறுத்தினால் நிறுத்திவிடுவாள், அதனால் துணி இல்லாவிட்டாலும் சும்மா மிதித்துக்கொண்டிருப்பேன், அங்கே அப்படி ஏதாவது சத்தம் இருந்தால் நல்லது என்று எழுதினாள். எழுதிவிட்டு, இதையெல்லாம் எழுதலாமா என்று கணவரைக் கேட்டாள்.

தராசு தலையை ஆட்டினார். இருபத்தைந்து நாளாகத் தன் நோட்டில் இல்லாத ஒரே விவரம் அது என்று நினைத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் கடைசியாகப் போட்டார். தாளை மூன்றாக மடித்துக் கவருக்குள் வைத்தபோது, பசையை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார். மனைவி கவரை வாங்கி, ஓரத்தை நாக்கில் நனைத்து, மேசை மேல் வைத்து உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். மகள் அதற்குள் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் எழுந்து வேலை உடுப்பின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். காப்பகம் அவன் வண்டி போகிற வழியில்தான் இருக்கிறது. பதினொன்றரைக்குள் அங்கே கொடுத்துவிடுவான். மடங்காமல் இருக்கட்டும் என்று கவரைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

தராசு தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தார். மச்சினன் டிப்போவுக்குத் திரும்புகிற இடத்தில் நின்று, கவரை ஒருமுறை வாங்கி, விலாசம் சரியா என்று பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.